மிளகு அறையிலிருந்து சம்பந்திக்கு

மதிப்புக்குரிய சம்பந்தி நளீம் ஹாஜியாருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாவுலையில் நீங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளை நப்லானும் சுகமாக இருக்க வேண்டும். உங்கள் மிளகாய்த் தோட்டத்துக்கு அளவாக மழை கிடைக்க வேண்டும். இங்கே பலாபத்வலையில் என்னைத் தவிர எல்லோரும் சுகம்.

எனக்குச் சின்னம்மை கண்டது உண்மைதான். அதற்காக நம் பிள்ளைகளின் நிகாஹ்வை ஒத்திப்போடலாம் என்று செய்தி அனுப்பிவிட்டு, போனையும் எடுக்காமல் இருப்பது நியாயமா? முதல் கொப்புளத்தைக் கண்டதுமே மிளகு மூட்டை அடுக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டவன் நான். தனிக் கோப்பை, தனிப் பீங்கான், தனிச் சவர்க்காரம். சோற்றை என் மனைவி றஹீமா விளக்குமாற்றுக் கட்டையால் உள்ளே தள்ளிவிடுகிறாள். மிளகு நெடியில் நான் ஓயாமல் தும்ம, நோய் முற்றிவிட்டது என்று ஊரே ஜன்னலடிக்கு வருகிறது. "பலீல் நானா, கிட்ட வரமாட்டோம், தூரத்துல நின்னு பார்த்துட்டுப் போறோம்" என்று சொல்லிக்கொண்டே கம்பிக்குள் மூக்கை நுழைக்கிறார்கள். நான் போர்வைக்குள்ளிருந்தபடி விரட்டுகிறேன். என் மகள் நுஸ்ராவோ கல்யாண உடுப்பைத் தினமும் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப மடித்து வைக்கிறாளாம். அதைக் கேட்டால் எனக்கு மனசு தாங்கவில்லை. ஆகவே சொல்கிறேன், ஒரு கிருமியும் இந்த அறையைத் தாண்டவில்லை. நிகாஹ் குறித்த நாளிலேயே நடக்கட்டும்.

அல்லாஹ் நம் இரண்டு வீட்டுக்கும் பரக்கத்தைத் தரட்டும். எல்லோருக்கும் என் ஸலாம். இந்தக் கடிதத்தைக்கூட இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துத்தான் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
பலீல்

பி.கு.: கடிதத்தை ஒட்டும் நேரத்தில் டொக்டர் வந்தார். கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே இது தொற்றுமாம். முந்தின நாள் நான் எங்கே இருந்தேன்? உங்கள் வீட்டில், நாள் குறித்த விருந்தில், நப்லானோடு ஒரே ஸஹன் தட்டில் கைபோட்டுச் சாப்பிட்டுக்கொண்டு! நல்ல இறைச்சித் துண்டாகப் பார்த்து என் கையாலேயே அவர் பக்கம் வைத்தேன். அவருக்குச் சின்ன வயதில் இது வந்ததா? வராவிட்டால் இரண்டு மூன்று கிழமையில், அதாவது சரியாக நிகாஹ் நேரத்தில், தெரியவருமாம். ஒத்திப்போட்டுவிடுவோம். கதவுக்கு இந்தப் பக்கமிருந்து நுஸ்ராவிடம் சொன்னேன். அழுவாள் என்று பயந்தேன். விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "சீதனமே குடுக்கமாட்டேன்னு நின்னீங்களே வாப்பா, கடைசில குடுத்துட்டீங்களே!"