மாமனார் துப்பாக்கியில் தீராத துரு

குழலுக்குள் விட்ட வெள்ளைத் துணி, வெளியே வரும்போது செங்கல் நிறத்தில் வந்தது. எத்திராஜ் துப்பாக்கியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான்.

“தாட்சாயணி! இங்க வந்து பாரு. காலையில கடைக்குப் போறச்ச தொடைச்சிட்டுத்தானே போனேன்? மறுபடியும் துரு!”

அவன் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “ஐப்பசி மழைங்க. வூட்டுச் சுவரே ஈரமா கீது. இரும்பு இன்னா பண்ணும்?”

“இரும்ப வுடு. உங்க நைனா இன்னா பண்ணுவாரு, அத்தச் சொல்லு.”

அவள் உள்ளே போய்விட்டாள்.

துப்பாக்கி அவளுடைய அப்பா கன்னையாவுடையது. குழலின் வாய் வழியாக வெடிமருந்தைக் கொட்டி, கோலால் கெட்டித்துச் சுடுகிற நாட்டுத் துப்பாக்கி. அப்போது மெட்ராஸ் ராஜ்யத்தில் இருந்த சத்தியவேட்டுப் பக்கத்தில் அவருக்கு வேர்க்கடலைக் கொல்லை. பன்றி விரட்டத்தான் துப்பாக்கி வைத்திருந்தார். ஆந்திராவுக்கும் மெட்ராசுக்கும் எல்லை பிரிக்கிறவர்கள் சங்கிலி பிடித்து அளந்துகொண்டு வந்தபோது, கோடு அவருடைய கிணற்றுக்கும் கொல்லைக்கும் நடுவே போகும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். தண்ணீர் ஒரு ராஜ்யத்தில், கடலை ஒரு ராஜ்யத்தில். “எங்கொல்லையில கல்லு நட்டா, நட்டவன சுட்டுடுவேன்” என்று கடைத்தெருவில் நின்று சத்தியம் செய்துவிட்டார். செய்யக்கூடிய ஆள்தான்.

எல்லை ஊர்களில் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. கன்னையா தன் துப்பாக்கியைச் சோளத்தட்டைக் கட்டுக்குள் செருகி, மாட்டு வண்டியில் எல்லை தாண்டி, ஆந்திராவில் இருந்த நகரிக்குக் கொண்டுவந்துவிட்டார். நூல் கடையில் வேலை பார்த்துக்கொண்டு, யார் வம்புக்கும் போகாமல் இருந்த எத்திராஜின் கையில் கொடுத்தார். அவர் எத்திராஜுக்கு மாமனார் மட்டும் இல்லை, சொந்தத் தாய்மாமனும்கூட. மறுக்க முடியுமா?

“கல்லு நட வரப்போ வந்து எடுத்துக்கினு போறேன் மாப்ள. கோணியில சுத்தாதே, ஈரம் கோத்துக்கும். வாயில துணி அடைக்காதே, உள்ள வேர்த்துப்பூடும். எண்ண போட்டு, வாய் கீழ பாக்க நிறுத்து. ஒரு பொட்டு துருவ பாத்தேன்…”

மிச்சத்தை அவருடைய மீசை சொன்னது.

அவர் சொன்னபடியே எல்லாம் செய்தான் எத்திராஜ். துரு வந்தது. நல்லெண்ணெயை இன்னும் தாராளமாகப் பூசினான். எண்ணெய் பிசினாக ஒட்டிக்கொண்டது, அதன் அடியிலும் துரு வந்தது.

கடையில் உடன் வேலை செய்யும் பாலையாவிடம், யாரோ ஒருவருக்காகக் கேட்பதுபோல் கேட்டான். பாலையா இளவயதில் காட்டுக்கு வேட்டைக்குப் போனவன்.

“பழைய மருந்துக் கசடு உள்ள நின்னுக்கினு கீது. அது ஈரத்த இழுக்கும். பூந்திக்கொட்ட போட்டு வெந்நி காய்ச்சி ஊத்திக் கழுவணும். சூடு ஆறங்காட்டியும் தொடைச்சிடணும். யாருதுண்ணே?”

“என்னுது இல்ல” என்றான் எத்திராஜ், கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத வேகத்தில்.

விடியற்காலையில் எழுந்து வெந்நீர் ஊற்றிக் கழுவித் துடைத்து எண்ணெய் போட்டுவிட்டு வேலைக்குப் போனான். சாயங்காலம் வந்து பார்த்தால் துரு முன்னைவிடச் சிவப்பாக இருந்தது.

அடுத்து, புளி. புளியைக் கரைத்துத் தேய்த்ததும் குழல் வெள்ளிச் செம்பு மாதிரி மின்னியது. எத்திராஜ் கடைக்குப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு போனான். திரும்பி வந்தபோது அது ஏரியிலிருந்து தோண்டி எடுத்தது மாதிரி கிடந்தது.

கடைசியாக மண்ணெண்ணெய். காற்றே படாமல் இருந்தால் துரு எப்படி வரும் என்று கேட்டுக்கொண்டு, குழலை நிமிர்த்தி வைத்து வாய்வரை மண்ணெண்ணெய் ஊற்றினான். சாயங்காலம் கவிழ்த்தபோது கொஞ்சம் மண்ணெண்ணெய் வந்தது. அதன் பின்னால் சிவப்புத் தண்ணீர் குபுகுபுவென்று வந்தது.

“மண்ணெண்ணெயில தண்ணி கலக்குறான் பாவி!” என்று கத்திக்கொண்டு எண்ணெய்க் கடைக்கே போய் மல்லுக்கு நின்றான். கடைக்காரர் எல்லோர் முன்னாலும் விளக்கை ஏற்றிக் காட்டினார். விளக்கு அமைதியாக எரிந்தது. எத்திராஜ் தலையைக் குனிந்துகொண்டு வீடு திரும்பினான்.

அன்றைக்கே சத்தியவேட்டிலிருந்து வந்த ஒருவர் சொல்லிவிட்டுப் போனார்: “ஒங்க மாமா நாளைக்கு வராரு. கல்லு நடற ஆளுங்க வந்து எறங்கிட்டாங்களாம்.”

மறுநாள் எத்திராஜ் கடைக்கு மட்டம் போட்டான். கோலைக் குழலுக்குள் விட்டுச் சுரண்டலாம் என்று ஆரம்பித்தவன், பாதியில் நின்றான். கோலை வெளியே எடுத்து, குழலின் மேல் நீளவாக்கில் வைத்துப் பார்த்தான். மறுபடி உள்ளே விட்டான். அடிவரை போகவில்லை. ஒரு சாண் முன்னாலேயே எதிலோ முட்டி நின்றது.

கோலை அப்படியே விட்டுவிட்டுப் பின்னுக்கு நகர்ந்தான். “தாட்சாயணி… உள்ள மருந்து கீது. உங்க நைனா கெட்டிச்சே குடுத்துக்கிறாரு. நான் இத்தினி நாளா வெடிகுண்டத் தேய்ச்சிக்கினு இருந்துக்கிறேன்!”

அப்போது வாசலில் குரல் கேட்டது. “ஏமய்யா எத்திராஜு! உன்னாவா?”

எதிர்வீட்டுத் தெலுங்குக்காரர், போலீஸ் ஏட்டு சிட்டிபாபு. மழையில் பொழுது போகாமல் வருகிறார். எத்திராஜ் பதறிப்போய், அடுப்புக்கு மேலே இருந்த பரணில் துப்பாக்கியைச் செருகி, மேலே ஒரு முறத்தைக் கவிழ்த்தான். லைசென்சு மாமனார் பேரில், அதுவும் வேறு ராஜ்யத்தில். துப்பாக்கி இங்கே. இரண்டு ராஜ்யத்துச் சிறையும் ஒரே நேரத்தில் அவன் கண்ணுக்குத் தெரிந்தன.

சிட்டிபாபு அடுப்படிக்கு எதிரே நடையில் பலகை போட்டு உட்கார்ந்தார். “இன்னாய்யா கையெல்லாம் செவப்பு?”

“மருதாணிங்க.”

“ஆம்பளைக்கா?”

“ஒடம்பு சூடுங்க. வைத்தியர் சொன்னாரு.”

“அய்யோ பாவம்” என்றார் ஏட்டு. “அம்மா, கொஞ்சம் காபி பெடதாவா?”

தாட்சாயணி அடுப்பைப் பற்றவைத்தாள். பரணுக்கு நேர் கீழே நெருப்பு. எத்திராஜ் நிமிர்ந்து பார்த்தான். முறத்துக்கு வெளியே குழலின் வாய் ஒரு சாண் நீட்டிக்கொண்டிருந்தது. அது நேராக ஏட்டின் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“ஏட்டய்யா, இப்டி வந்து குந்துங்க. அங்க ஒழுகும்.”

“ஒழுகலியே.”

“இனிமே ஒழுகும்ங்க!”

சிட்டிபாபு நகர்ந்து உட்கார்ந்தார். அங்கேதான் உண்மையிலேயே ஒழுகியது. தலையைத் துடைத்துக்கொண்டு மறுபடி பழைய இடத்துக்கே வந்தார். வேறு வழியில்லாமல் எத்திராஜ் அவருக்கு முன்னால் எழுந்து நின்று, குழலைத் தன் முதுகால் மறைத்துக்கொண்டான். முதுகில் ஓர் இடம் மட்டும் குறுகுறுத்துக்கொண்டே இருந்தது.

“தாட்சாயணி, காப்பி வேணாம், அடுப்ப அணை. ஏட்டய்யாவுக்குப் பித்தம்.”

“எனக்கா? எவுரு செப்பாரு? யாரு சொன்னா?”

தாட்சாயணிக்கு மட்டும் ஒரு பதற்றமும் இல்லை. ஊதுகுழலை எடுத்து நெருப்பை நன்றாக ஊதினாள். தலைக்கு மேலே வெடி இருக்கிறதே என்று கொஞ்சம் நடுங்கக்கூடாதா இந்தப் பெண்பிள்ளை என்று எத்திராஜ் பல்லைக் கடித்தான். சிட்டிபாபு காபியை ஆற்றினார். ஒரு வாய் குடித்தார். மழையைப் பற்றிப் பேசினார். மறுபடி ஆற்றினார். அவர் எழுந்து தெருவைக் கடந்த பிறகுதான் எத்திராஜ் மூச்சுவிட்டான்.

பிறகு கொல்லைப்புறத்தில் துப்பாக்கியை ஈரக் கோணிமேல் கிடத்தி, வளைத்த கம்பியால் மெல்ல மெல்லத் தோண்டினான். துருக்கட்டியோடு வெள்ளை வெள்ளையாக என்னவோ உதிர்ந்தது. “வெடியுப்பு!” என்று முணுமுணுத்துவிட்டு, அதை வாழையிலையில் ஏந்தி, பாம்பை எடுத்துப்போவதுபோல் எடுத்துப்போய்ச் சாக்கடையில் விட்டான்.

மத்தியானம் கன்னையா வந்தார். பின்னாலேயே அவர் மனைவி கமலம்மாவும் வந்தாள். காலில் தண்ணீர்கூட ஊற்றிக்கொள்ளாமல், “துப்பாக்கி எங்க மாப்ள?” என்றார் கன்னையா.

எத்திராஜ் துப்பாக்கியை இரண்டு கையாலும் நீட்டினான். கன்னையா அதை நிமிர்த்தினார். குழலிலிருந்து சிவப்புத் தண்ணீர் அவருடைய வெள்ளை வேட்டியில் வழிந்தது. சுடும் விசையான குதிரையை இழுத்தார். அசையவில்லை. பல்லைக் கடித்து இழுத்தார். குதிரை ஒடிந்து கையோடு வந்துவிட்டது.

எத்திராஜ் கண்ணை மூடிக்கொண்டான். அறை விழவில்லை. கண்ணைத் திறந்தபோது கன்னையா தரையில் உட்கார்ந்திருந்தார்.

“இத்த எடுத்துக்கினு போய் நின்னா, கல்லு நடறவன் சிரிப்பான்டா” என்றார்.

“மாமா, எந்தப்புதான்…”

“உந்தப்பு இல்ல. நீ எண்ண போட்டுக்கிற, வாசன வருது. இந்த ஆந்திராக் காத்தே சரியில்ல.” துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அங்கேயே படுத்துவிட்டார். அவர் படுத்திருந்த அந்த மத்தியானத்திலேயே, ஊரில் அவருடைய கொல்லையோரம் கல்லை நட்டுவிட்டுப் போய்விட்டார்கள். யார் உடம்பிலும் ஒரு கீறல் இல்லை.

எத்திராஜ் கொல்லைப்புறத்தில், கால் கழுவிக்கொண்டிருந்த கமலம்மாவின் முன்னால் போய் நின்றான். அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

“அத்தே, புளி, மண்ணெண்ண, வெந்நி, ஒண்ணு பாக்கி இல்லாம பண்ணேன். எதுக்கும் அடங்கல.”

கமலம்மா உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, அவன் தோளைத் தொட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“எப்டி அடங்கும் கண்ணு? நீ கடைக்குப் போனதும் தெனம் ஒரு சொம்பு உப்புத்தண்ணி ஊத்துன்னு தாட்சாயணிகிட்ட நான்தான் சொல்லி வெச்சேன். நீ இப்டி வுடாம தொடைப்பேன்னு தெரிஞ்சிருந்தா, ரெண்டு சொம்பா ஊத்தச் சொல்லியிருப்பேன்!”