வாய் இன்னும் அசையுதா?

எங்கள் கல்யாணத்துக்கு முப்பத்தெட்டு வயது. அந்த முப்பத்தெட்டு வருஷத்தில் நான் சொன்ன பொய்களைச் செங்கல் மாதிரி அடுக்கியிருந்தால் இரண்டு மாடி எழும்பியிருக்கும். எழும்ப எழும்ப என் மனைவி இடித்துக்கொண்டே வந்துவிட்டாள். ஒரே ஒரு பொய் மட்டும் முப்பத்தொரு வருஷமாக விரிசல் விடாமல் நின்றது. அதையாவது கடைசிவரை காப்பாற்றிவிடுவது என்று மூன்று மாதத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை, பல் துலக்கிக்கொண்டே சபதம் எடுத்தேன்.

அந்தப் பொய் என்னவென்று உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். கல்யாணமாகி ஏழாவது வருஷம் அவள் வானொலியில் அறிவிப்பாளர் வேலைக்குக் குரல் தேர்வு கொடுத்துவிட்டு வந்தாள். ‘தேர்வாகியிருக்கிறீர்கள், முதல் தேதி வந்து சேரவும்’ என்று கடிதம் வந்தது. வாசலில் வாங்கியவன் நான். உள்ளே போய், “ஆள் விட்டு விசாரிச்சேன். உன் குரல் ஒத்து வரலையாம்” என்றேன். அவ்வளவுதான். செலவில்லாத பொய்.

ஏன் சொன்னேன்? அப்போது நான் நாடகங்களுக்கு வசனம் எழுதிக்கொண்டிருந்தேன். பதினெட்டுப் பேர் உட்கார்ந்து கேட்பார்கள். அதில் நாலு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். இவள் வாயைத் திறந்தால் ஊரே கேட்கும் என்றால் எனக்கு எப்படி இருக்கும்? ஒரு வீட்டுக்கு ஒரு குரல் போதும் என்று நினைத்தேன். இன்றைக்கும் எங்கள் வீட்டில் ஒரே குரல்தான். அது என்னுடையது இல்லை.

சபதத்துக்குக் காரணம், முந்தின நாள் வந்த போன். நாடகம் செத்தபிறகு நான் டப்பிங் வசனத்துக்கு வந்து சேர்ந்தவன். கார்ட்டூன்களுக்கு எழுதுகிறேன். கார்ட்டூன் என்று சொன்னால் எங்கள் டைரக்டருக்கு முகம் சுருங்கிவிடும். “அனிமே சார், அனிமே” என்பார். இப்போது கையில் இருப்பது ‘செவி நகரம்’, இரண்டாம் பாகம். எதிர்காலத்தில் ஒரு நகரம். சுவருக்குச் சுவர் ஒரு இரும்புக் காது. எல்லாக் காதுகளும் போய்ச் சேரும் இடம் ‘மகாச்செவி’ என்ற இயந்திரம். யார் பொய் சொன்னாலும் ஒரு பெண் குரலில் அது எச்சரிக்கும். அடுத்த நிமிஷம் போலீஸ் வண்டி வரும். காதுக்கு எப்படிக் குரல் வந்தது என்று கேட்காதீர்கள். கல்யாணமானவர்களுக்கு இது புரியும்.

கதாநாயகன் ஒரு துப்பறியும் அதிகாரி. முதல் பாகத்தில் கோபம் வந்தால் தூணை உதைப்பான். இரண்டாம் பாகத்தில் தூணில் சாய்ந்து யோசிக்கிறான். இதற்குப் பாத்திர வளர்ச்சி என்று பெயராம். நானும் வளர்ந்திருக்கிறேன். புது மாப்பிள்ளையாக இருந்தபோது கோபம் வந்தால் கதவை அறைந்து சாத்துவேன். இப்போது கதவுக்கு வெளியே நின்று யோசிக்கிறேன்.

முதல் பாகத்தில் மகாச்செவிக்குக் குரல் கொடுத்த அம்மா வேறு ஊருக்குக் குடிபோய்விட்டார். அந்த இடம் மட்டும் எல்லாப் பகுதிகளிலும் காலியாகக் கிடந்தது. எனக்கோ அப்போதுதான் கண்புரை ஆபரேஷன். கறுப்புக் கண்ணாடி. பத்து நாள் திரையைப் பார்க்கக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. ஆகவே போனை எடுத்தது மனைவி. அரை நிமிஷம் பேசியிருப்பாள், டைரக்டர் பிடித்துக்கொண்டார். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

“அம்மா, இந்தக் குரலைத்தானே நான் ரெண்டு மாசமா தேடிட்டிருக்கேன். மகாச்செவிக்கு நீங்களே பேசிடுங்களேன்.”

“என் குரலாப்பா? ரேடியோக்காரங்களே வேணாம்னு தள்ளின குரல் இது. வேற நல்ல ஆளாப் பாரு.”

“ஒரு தடவை வந்து பேசிப் பாருங்கம்மா.”

“வேணாம்ப்பா. ஒரு தடவை பட்டது போதும்.” என் பக்கம் திரும்பினாள். “நீங்க என்னங்க சொல்றீங்க?”

“அவங்கல்லாம் விஷயம் தெரிஞ்சவங்க. காரணமில்லாம தள்ள மாட்டாங்க” என்றேன்.

சொல்லும்போது நாக்கு கசந்தது. கண்ணுக்கு விடும் சொட்டு மருந்து தொண்டையில் இறங்கினால் அப்படித்தான் இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தப் பொய் உடைந்தால் இவள் ஸ்டூடியோவுக்குக் கிளம்பிவிடுவாள். நான் எழுதும் வசனத்தை ஊர் இவள் குரலில் கேட்கும். அதனால்தான் திங்கட்கிழமைச் சபதம்.

கண் இல்லாமல் எழுதுவது எப்படி? அவள் மடிக்கணினியையும் கதைத் தாளையும் பார்த்துச் சொல்வாள், நான் வசனம் சொல்வேன், அவள் அடிப்பாள். டப்பிங்கில் அர்த்தம் இரண்டாம்பட்சம். வாய்தான் முக்கியம். திரையில் வாய் எத்தனை வினாடி அசைகிறதோ அத்தனை வினாடிக்குப் பேச்சு வேண்டும். உதடு மூடுகிற இடத்தில் ‘ப’வோ ‘ம’வோ விழ வேண்டும். இதையெல்லாம் ஒரே நாளில் கற்றுக்கொண்டாள். நான் கற்றுக்கொள்ள ஆறு மாதம் ஆனது என்பதை அவளிடம் சொல்லவில்லை.

புதன்கிழமை ஒன்பதாவது பகுதிக்கு வந்தோம்.

“அதிகாரி மகாச்செவி முன்னாடி வந்து நிக்கிறான்” என்றாள்.

“என்ன சொல்றான்?”

“தாள்ல ஒண்ணும் இல்ல. ‘தன் பொய்களை ஒப்புக்கொள்கிறான். வசனம் எழுத்தாளர் விருப்பம்’னு போட்டிருக்கு.”

நிமிர்ந்து உட்கார்ந்தேன். இருபது வருஷமாக இந்தத் தொழிலில் என் விருப்பத்தை யாரும் கேட்டதில்லை. கடைசியில் ஒருவனாவது என்னைப் புரிந்துகொண்டான்.

“எவ்ளோ நேரம்?”

“நாலு நிமிஷம்.”

“நாலு நிமிஷம் ஒருத்தனைக் குறுக்கே பேசாம பேச விடறாங்களா?”

“அவன் பொண்டாட்டி ஊருக்குப் போயிருக்கா போல.”

தொண்டையைச் செருமினேன். “எழுது. ‘இந்த நகரத்தின் பன்னிரண்டு கோபுரங்களையும் நான் ஒரே இரவில்…’”

“அதெல்லாம் பெருசுங்க. எவன் நம்புவான்? வீட்டுப் பொய்யாச் சொல்லுங்க. சின்னதா. அப்பதான் மனசுல தைக்கும்.”

“வீட்டுப் பொய்யா?”

“ஆமா. இங்க உதட்டை மூடறான். ‘மா’ன்னுதான் ஆரம்பிக்கணும்.”

மா… மா… மாடு, மாடி, மாமனார். எதுவும் உட்காரவில்லை. நாக்கில் தானாக வந்து நின்றது ஒன்றுதான்.

“‘மாத்திரை. ரத்தக் கொதிப்பு மாத்திரையை நான் விழுங்கவில்லை. நாக்குக்கு அடியில் ஒதுக்கிவைத்து, வாஷ்பேசினில் துப்பினேன்.’ எப்படி இருக்கு?”

“நல்லா இருக்கு. எத்தனை நாளா?”

“யாரு?”

“அதிகாரிதான்.”

“ஒரு ஏழு மாசம்னு போட்டுக்கோ.”

விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு நின்றது. நின்றது நின்றபடி இருந்தது. எழுதுகிறவனுக்கு இந்த மௌனம் ஆகாது. சூடு பிடிக்கிற நேரம்.

“என்ன நிறுத்திட்டே? வாய் இன்னும் அசையுதா?”

கொஞ்சம் தாமதித்துச் சொன்னாள். “அசையுது.”

“அதானே. எழுது. ‘தினமும் நாலு சுற்று நடக்கிறேன் என்று சொல்லிவிட்டு, எதிர்வீட்டுப் பல் டாக்டர் வீட்டில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றேன்.’ அசையுதா?”

“அசையுது.”

“‘உன் தங்கை கொடுத்த கண்ணாடி ஜாடியைப் பூனை உடைக்கவில்லை.’”

“அசையுது.”

சின்னப் பொய்கள் எல்லாம் தீர்ந்துபோயின. “இன்னும் எவ்ளோ?” என்றேன்.

“ஒன்றரை நிமிஷம் இருக்கும்.”

சபதம் எங்கே போயிற்று என்றுதானே கேட்கிறீர்கள்? நீங்கள் கதை சொல்கிறவர் இல்லை போலிருக்கிறது. ஒரு நல்ல கதையை முப்பத்தொரு வருஷம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருப்பது, பசியோடு விருந்துக்குக் காவல் நிற்பது மாதிரி. என் ஆயுளில் நான் செய்த உருப்படியான ஒரே பொய்க்கு ஒரு கைதட்டல்கூடக் கிடைக்கவில்லை. இதோ அதிகாரி வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறான். மாறுவேஷம் போட்டு அனுப்பினால் யாருக்குத் தெரியும்? வானொலியை ‘நகர ஒலிபரப்பு’ ஆக்கினேன். முப்பத்தொன்றை முப்பது ஆக்கினேன். உலகமகா மாறுவேஷம்.

“‘என் மனைவிக்கு நகர ஒலிபரப்பிலிருந்து கடிதம் வந்தது. முப்பது ஆண்டுகளுக்கு முன்பு. அவள் குரலை அவர்கள் தேர்ந்தெடுத்திருந்தார்கள். உன் குரல் ஒத்து வரவில்லை என்று நான் அவளிடம் சொன்னேன். அவள் நம்பினாள்.’”

அவள் விரல்கள் தடங்கலில்லாமல் தட்டின. “ஏன் அப்படிச் சொன்னான்?”

“‘பயம். அவள் பேசினால் என்னை யாரும் கேட்க மாட்டார்கள் என்ற பயம்.’”

“கடிதத்தை என்ன பண்ணான்?”

“எட்டா மடிச்சு, ஆடற மேஜைக் காலுக்கு அடியில குடுத்துட்டான்.”

“எந்த மேஜை?”

“ஏதோ ஒரு மேஜை. அனிமேல மேஜைக்கா பஞ்சம்? இன்னும் அசையுதா?”

“இல்லங்க. வாயை மூடிட்டான்.”

எழுந்து போய் டீ போட்டுக் கொண்டுவந்தாள். சர்க்கரை சரியாக இருந்தது. அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

மறுநாள் எழுத உட்கார்ந்தபோது, முழங்கையை ஊன்றினால் மேஜை ஒரு பக்கம் சாய்ந்தது.

“என்ன, மேஜை ஆடுது?”

“கண்ணுல மருந்து விட்டிருக்கு. உங்களுக்கு உலகமே ஆடும்.” சொல்லிவிட்டுப் பத்தாவது பகுதிக் கதையை வாசித்தாள். “இதுல பெரிய திருப்பம் இருக்குங்க. முதல் பாகம் முடியறப்பவே மகாச்செவியோட கம்பியை யாரோ அறுத்துட்டாங்களாம். இந்தப் பாகம் முழுக்க அதுக்குக் காதே கேக்கல. பழைய பதிவு மட்டும் திரும்பத் திரும்ப ஓடுது. ‘இன்னும் இருக்கிறது, சொல்’னு. ஜனங்கதான் பயந்து தானா வந்து எல்லாத்தையும் ஒப்பிச்சிருக்காங்க.”

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். “கேக்காத பெட்டிகிட்ட போய் உளறியிருக்கானுங்க. இப்படியும் மடையனுங்க இருப்பானுங்களா?”

“இருக்காங்க போலிருக்கு” என்றாள்.

அதன்பிறகு மூன்று வாரம், மத்தியானம் மத்தியானம் தங்கை வீட்டுக்குப் போய் வந்தாள். தங்கைக்கு முழங்கால் வலி என்றாள். முப்பத்தெட்டு வருஷத்தில் அவள் பொய் சொன்னது அந்த மாதம் மட்டும்தான். பொய்யில் பழம் தின்று கொட்டை போட்ட நான், “பாவம், தைலம் தேய்ச்சு விடு” என்று சொல்லி அனுப்பினேன்.

இரண்டாம் பாகம் மொத்தமாக ஒரே நாளில் வெளியானது. என் கண்ணும் தெளிந்திருந்தது. எதிர்வீட்டுப் பல் டாக்டரின் பெரிய டிவியில், நேரே ஒன்பதாவது பகுதியைப் போடச் சொன்னேன். “என் எழுத்தைக் கேட்டுட்டு அழக் கூடாது டாக்டர்” என்று எச்சரித்தேன்.

அதிகாரி மகாச்செவி முன்னால் வந்து நின்றான். மூக்கிலிருந்து தாடைவரை இரும்பு முகமூடி. “அறுத்தது நான்தான்” என்றான். காட்சி முடிந்தது. நாலு வினாடி.

“வாயையே காட்டலியே” என்றார் டாக்டர். அவர் கவலை அவருக்கு.

இயந்திரத்திலிருந்து குரல் வந்தது. “இன்னும் இருக்கிறது. சொல்.” மெதுவான, நிதானமான, அடிவயிற்றில் கை வைக்கிற குரல்.

டாக்டர் பிஸ்கட்டைக் கீழே வைத்தார். “அட, இது உங்க வீட்டம்மா மாதிரி இருக்கே. அவங்க குரல் இவ்வளவு நல்லா இருக்கும்னு எனக்குத் தெரியாமப் போச்சே.”

எனக்குத் தெரியும் என்று சொல்ல முடியவில்லை.

வீட்டுக்குள் நுழைந்தபோது துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“என் நாலு நிமிஷ வசனம் எங்கே?”

“இருக்கு. பத்திரமா இருக்கு.”

“அவன் முகமூடி போட்டிருக்கான். வாய் அசையுதுன்னு சொன்னியே?”

“அசைஞ்சுதே.”

“யார் வாய்?”

“உங்க வாய்.”

உட்கார்ந்தேன். “அப்போ கடிதம் விஷயம் உனக்கு முன்னாடியே தெரியும்.”

“தெரியாதுங்க.” துணியை மடிப்பதை நிறுத்தவில்லை. “சந்தேகம்கூடப் பட்டதில்ல. நாலு பேர் சேர்ந்து பாடற இடத்துல நான் வாயை மட்டும்தான் அசைப்பேன், முப்பத்தொரு வருஷமா. பக்கத்துல நிக்கிறவங்களுக்குத் தொந்தரவா இருக்கக் கூடாதேன்னு.”

“அப்புறம் எதுக்கு இந்த நாடகம்?”

“மாத்திரைக்குத்தான். ப்ரெஷர் இறங்கவே மாட்டேங்குது, ஒழுங்கா முழுங்கறாரான்னு பாருங்கன்னு மாத்திரை குடுத்த டாக்டர் சொன்னாரு. நேரா கேட்டா சொல்வீங்களா? ஏழு மாசம்னீங்க. போதும்னு நிறுத்திட்டேன். நீங்கதான் ‘வாய் இன்னும் அசையுதா’ன்னு கேட்டீங்க.”

“இல்லைன்னு சொல்லியிருக்கலாமே?”

“அவ்வளவு ஆசையாக் கேட்டீங்க. எனக்கு மனசு வரல.”

நான் எதையோ ஆரம்பித்தேன். அந்தக் காலம், சூழ்நிலை, வயசு என்றெல்லாம். அவள் கடைசித் துண்டை மடித்து அடுக்கின்மேல் வைத்தாள்.

“நீங்க வசனம் சொன்ன அன்னிக்கே டைரக்டருக்குப் போன் பண்ணி வரேன்னுட்டேன். கடிதத்தையும் எடுத்துட்டுப் போய்க் காட்டினேன். மூணாவது பாகத்துல கம்பியை மறுபடி இணைக்கிறாங்களாம். மகாச்செவிதான் கதாநாயகியாம். தினமும் வரச் சொல்லிட்டாரு.” எழுந்து போனவள் வாசற்படியில் நின்று திரும்பினாள். “அன்னிக்கு நான் அடிச்ச அந்த மூணு பக்கத்தைத் திரும்ப ரெண்டு தடவை படிச்சேங்க. நீங்க எழுதினதுலயே அதுதான் நல்லா இருக்கு.”

இப்போது காலை ஒன்பது மணிக்கு ஸ்டூடியோ வண்டி அவளை அழைத்துப் போக வருகிறது. கிளம்பும்போது மாத்திரையையும் ஒரு டம்ளர் தண்ணீரையும் வைத்துவிட்டுப் போகிறாள். போட்டீர்களா என்று மாலையில் கேட்பதில்லை. கேட்க அவளுக்கு நேரமும் இல்லை. வீட்டில் நான் ஒருவன்தான். வாஷ்பேசின் நாலடி தூரத்தில் இருக்கிறது.

விழுங்கிவிடுகிறேன்.