பிஸ்டன் மேல் வைத்த மாவு

அந்தச் சனிக்கிழமை ஜீவரத்தினம் ஒரு முடிவோடு எழுந்தார். இனி தாம்பரத்தில் எந்த மாட்டு வண்டியும் தன் மாரிஸ் காரை முந்தக் கூடாது.

கார் 1939-இல் பிறந்தது. அவர் அதற்குப் பத்து வருஷம் மூத்தவர். மேடு ஏறினால் இரண்டுக்கும் மூச்சு வாங்கும். புதுப்பேட்டையில் தேடி வால்வுகளைத் திறந்து மூடும் தண்டான கேம்ஷாஃப்ட் வேறொன்று வாங்கி வந்திருந்தார். வால்வை இது இன்னும் ஆழமாக இறக்குமாம். கார் பறக்குமாம். ஒரே தொல்லைதான். இறங்கும் வால்வு ஏறி வரும் பிஸ்டனில் இடித்தால் இன்ஜின் சட்னி.

"நடுவுல ஒரு பின்னல் ஊசி கனமாவது இடம் இருக்கணும் சார்" என்று மெக்கானிக் சாம்பசிவன் சொல்லியிருந்தார்.

மனைவி ஹில்டா டீச்சர் பந்தயம் கட்டிவிட்டாள்.

"இடம் இருந்தா புது ஷாஃப்ட். இல்லேன்னா ஸ்டீயரிங் எனக்கு. நான் ஓட்டக் கத்துக்கறேன்."

"நீயா? காரையா?"

"எட்டாங்கிளாஸ் 'பி' செக்‌ஷனையே ஓட்டறேன். இது நாலே சக்கரம்."

சோதனை எளிது. புது ஷாஃப்டை மாட்டி, பிஸ்டன் தலையில் மாவை அப்ப வேண்டும். இன்ஜின் மூடியான ஹெட்டைப் பொருத்தி, ஹேண்டில் போட்டு இன்ஜினைக் கையால் சுற்ற வேண்டும். திறந்தால் வால்வு அமுக்கிய பள்ளம் தெரியும். அதன் அடியில் மிஞ்சிய மாவின் கனம்தான் இடைவெளி.

சனிக்கிழமை என்றால் ஹில்டா பன்னுக்கு மாவு பிசைவாள். யீஸ்ட் போட்ட மாவு இரண்டு மணி நேரத்தில் இரண்டு மடங்காகும்; பள்ளத்தின் அடியில் மிஞ்சியதும் உப்பும். அங்கேதான் ஜீவரத்தினத்தின் மூளை வேலை செய்தது. அடுப்படியில் பிசைந்து வைத்திருந்த மாவில் ஒரு உருண்டையைக் கிள்ளி வந்தார். அப்பினார், சுற்றினார், ஹெட்டைக் கழற்றினார். பள்ளத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். ஈரத் துணியால் மூடிவிட்டு வேப்ப மரத்தடியில் நாற்காலி போட்டுச் சாய்ந்தார்.

கண் சொருகியது. மாரிஸ் வண்டலூர் ரோட்டில் சத்தமே இல்லாமல் மிதந்தது. புளிய மரங்கள் ஒதுங்கி நின்றன. மின்சார ரயில் பின்னால் சுருங்கிச் சுருங்கிப் புழுவாகியது. செம்பாக்கம் ஏரியின் மேல் சக்கரம் நனையாமல் போனார். கொக்குகள் ஒற்றைக் காலில் நின்று வழிவிட்டன.

"என்னங்க, இன்ஜினுக்கு ஜுரமா? ஈரத் துணி போட்டிருக்கீங்க?"

ஹில்டா! பதறி எழுந்தார். "வெயில்ல மாவு காஞ்சுடும், அதான்."

கத்தியால் மாவை வெட்டினார். ஊசியை அவளே பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒன்றரை ஊசி கனம்!

"நீங்க ஜெயிச்சீங்க. மூடி ஸ்டார்ட் பண்ணுங்க. வண்டலூர் வரைக்கும் போய்ட்டு வரலாம்."

சண்டை போடுவாள் என்றல்லவா நினைத்திருந்தார்? மாவைச் சுரண்டி ஹெட்டை மாட்டி முடிக்கச் சாயங்காலமாகிவிட்டது. ஸ்டார்ட்டரில் விரல் வைத்தார். ஒன்றரையில் பாதி யீஸ்ட். மீதி முக்கால் ஊசி. விரலை எடுத்துக்கொண்டார்.

"அழுத்துங்க."

"பெட்ரோல் இல்ல போலிருக்கு."

"நேத்துதானே ஊத்தினீங்க?"

"அஷ்டமி வேற..."

"ஞானஸ்நானம் வாங்கின குடும்பத்துல அஷ்டமியா?"

ஜீவரத்தினம் உடைந்தார். "ஹில்டா, தப்பு பண்ணிட்டேன். மாவு உப்பட்டும்னுதான் மூடி வெச்சேன். நிஜத்துல இடம் பத்தாது. ஸ்டீயரிங்கை நீயே வெச்சுக்க."

ஹில்டா சாவியை வாங்கிக் கைப்பையில் போட்டு மூடினாள். பிறகுதான் சொன்னாள்.

"யீஸ்ட் செவ்வாய்க்கிழமையே தீந்துபோச்சு. நீங்க எடுத்தது சப்பாத்தி மாவு."

"அப்போ அந்த ஒன்றரை ஊசி?"

"நிஜம்தான். புது ஷாஃப்டே இருக்கட்டும். கொஞ்சம் நகருங்க, அந்தப் பக்கம் உக்காருங்க."