ராயபுரத்தில் பாதுஷா ருசி பார்த்த விவரம்

சேசு மரி சூசை

ராயபுரம்,
1931ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 23ந் தேதி, ஞாயிறு

ஜோலார்பேட்டை ரயில்வே குவார்ட்டர்ஸில் அத்தானுடன் சுகமே வாழும் என் அன்புள்ள அக்காள் ஆலிஸ் அம்மாளுக்கு, தம்பி பாஸ்கல் மிகுந்த வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. ஆண்டவர் கிருபையால் இவ்விடம் நானும் தெரசாவும் பிள்ளைகளும் சௌக்கியம். தங்களுடைய முழங்கால் வலி எப்படி இருக்கிறது, அத்தானுக்கு ராத்திரி டூட்டி குறைந்ததா என்பதற்கெல்லாம் விவரமாகப் பதில் எழுதவும். இந்த மரியாதைகளையெல்லாம் இன்னும் ஒரு பக்கம் எழுதத்தான் நினைத்தேன். ஆனால் அக்கா, என்னால் முடியவில்லை. நேற்று எனக்கு நடந்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் மார்பு வெடித்துவிடும். தெரசாவிடம் சொல்ல முடியாது, ஏன் என்பது போகப்போகத் தெரியும். ஆகையால் உனக்கு எழுதுகிறேன்.

வண்ணாரப்பேட்டையில் சுருட்டுக் கம்பெனி வைத்திருக்கும் தமீம் சாயபுவை உனக்குத் தெரியாது. நல்ல மனுஷர். போன புதன்கிழமை ஹார்பர் வாசலில் எனக்காகக் காத்து நின்றார். "பாஸ்கல் பாய், உங்க மூக்கு எனக்கு வேணும்" என்றார். மூக்கை மட்டும் கழற்றிக் கொடுக்க முடியாது, நானும் கூட வர வேண்டியிருக்குமே என்றேன். அவர் சிரிக்கவில்லை. மூன்று வருஷம் மூட்டை கட்டிப் பதமாக்கிய திண்டுக்கல் இலையை உள்ளே வைத்து, சுமத்ராவிலிருந்து ஒரே ஒரு பேல், அதாவது ஒரே கட்டு, வந்த மெல்லிய இலையை மேலே சுற்றி, நூற்றியொரு சுருட்டு செய்திருக்கிறாராம். அந்த இலை இனி வராது, ஆகவே இந்தச் சுருட்டும் உலகத்தில் நூற்றியொன்றுதான். பெயர் 'பாதுஷா'. துறைமுகத்தில் நிற்கும் பெரிய பிரயாணிக் கப்பலின் சாப்பாட்டு இலாகா துரை சனிக்கிழமை வந்து பிடித்துப் பார்க்கப் போகிறார். அவருக்குப் பிடித்தால் முதல் வகுப்புப் பிரயாணிகளுக்காக மொத்தத்தையும் வாங்குவதோடு, சாயபுவின் மற்றச் சுருட்டுகளுக்கும் கப்பலில் நிரந்தர இடம். உள்ளூர் நிபுணர் ஒருவரும் கூட உட்கார்ந்து பிடித்து அபிப்பிராயம் சொல்ல வேண்டும் என்று துரை கேட்டிருக்கிறார். நிபுணர் யார் தெரியுமா அக்கா? நான்!

நான் எப்படி நிபுணன் ஆனேன் என்கிற ரகசியத்தை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சாயபு கடையில் ஒரு சுருட்டை வாங்கிப் பற்ற வைத்து, கண்ணை மூடி, "இந்த இலையில் கடல் தண்ணீர் பட்டிருக்கிறது" என்றேன். அவர் ஆடிப்போய்விட்டார். ஏனென்றால் அது உண்மை. அந்தச் சுருட்டின் இலைக்கட்டு படகிலிருந்து இறக்கும்போது தண்ணீரில் விழுந்ததை நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்ட, ஹார்பரில் சரக்கு எண்ணும் டாலி கிளார்க்கு அடியேன்தான். அன்றிலிருந்து சாயபு என் மூக்கை மசூதித் தெருவிலிருந்து தங்கசாலை வரைக்கும் புகழ்ந்து வைத்திருக்கிறார். இப்போது போய் இல்லை என்று எப்படிச் சொல்வது?

ஆகையால் தயார் செய்துகொள்ள ஆரம்பித்தேன். வாய் சுத்தமாக இருக்க வேண்டுமென்று மூன்று நாள் வெங்காயம் இல்லை, பூண்டு இல்லை, மூக்குப்பொடி இல்லை, மீனும் இல்லை. தெரசாவிடம், "சனிக்கிழமை ஒரு துரையோடு உட்கார்ந்து பாதுஷா ருசி பார்க்கப் போகிறேன்" என்று சொன்னேன். அவள் தின்கிற பாதுஷாவை நினைத்துக்கொண்டு, "நாலு வீட்டுக்கும் கொண்டாங்க" என்றாள். நானும் திருத்தவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை வந்ததும் பொறுமை போய்விட்டது. "வெள்ளிக்கிழமை கறி ஆக்கக் கூடாதுன்னு கோயில்ல சொல்றாங்க, மீன் ஆக்கக் கூடாதுன்னு நீங்க சொல்றீங்க, அப்போ உலையிலே நானே குதிச்சிடட்டுமா?" என்று கேட்டாள். நான் ரசமும் சோறும் சாப்பிட்டுவிட்டு ஒரு மகானைப் போல எழுந்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குக் கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் சாயபுவின் குடோன், அதற்கு மேல் மாடி அறை. மேஜையில் வெள்ளைத் துணி, வெள்ளிச் சாம்பல் தட்டு, நடுவில் வாசனை மரப்பெட்டி. பெட்டியைத் திறந்தார் பார், நூற்றியொன்றும் ஒரே நீளம், ஒரே பருமன், ஒரே நிறம், பட்டுத்துணி மாதிரி பளபளப்பு. நான் தொடக்கூட இல்லை அக்கா, அதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கதவோரம் ஒரு அம்மாள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பெயர் கெங்கம்மா, ஐம்பது வயதிருக்கும். நூற்றியொன்றையும் இருபத்திரண்டு நாளில் தான் ஒருத்தியாகவே சுற்றியவள் அவள்தான் என்று சாயபு என் காதில் சொன்னார். இந்தப் பாதுஷா ஜெயித்தால் கம்பெனிக்கு அவளை மேஸ்திரியாகப் போடுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறாராம். அங்கே சுருட்டுச் சுற்றும் பதினாலு ஆண்களும் ஒரு பொம்பளைக்குக் கீழே உட்கார மாட்டோம் என்று மல்லுக்கட்டிக்கொண்டு, கீழே குடோன் வாசலில் பாதுஷா தோற்கட்டும் என்று காத்திருந்தார்கள்.

துரை வந்தார். ஆறடி உயரம், வெள்ளை உடுப்பு, செவசெவ என்று மூக்கு. உட்கார்ந்ததும் காசிமேட்டுப் பக்கமிருந்து காற்று கருவாட்டு வாசனையைக் கூடை கூடையாகக் கொண்டுவந்து கொட்டியது. சாயபு பதறிப்போய் ஜன்னலை எல்லாம் மூடினார். துரையோ முகத்தைக் கூடச் சுளிக்கவில்லை. எனக்கு அப்போதே சந்தேகம். சாயபு தீப்பெட்டி எடுக்கத் திரும்பின சமயம் துரை என் பக்கம் குனிந்து இங்கிலீஷில் மெதுவாகச் சொன்னார்: கொழும்பிலிருந்தே ஜலதோஷமாம், மூக்கு இரண்டும் அடைப்பாம், ரோஜாவுக்கும் ரயில்கரிக்கும் வித்தியாசம் தெரியவில்லையாம். கப்பல் திங்கட்கிழமை புறப்படுகிறது, தள்ளிப்போட முடியாது. ஆகவே நான் என்ன சொல்கிறேனோ அதையே தன் முடிவாக எழுதிவிடப் போகிறாராம்! அக்கா, ஒரு கம்பெனியின் தலையெழுத்தும் அந்த அம்மாளின் மேஸ்திரி உத்தியோகமும் என் மூக்கின் மேல், அதாவது ஆயுசிலேயே ஒரே ஒரு தடவை, அதுவும் மோசடியாக, வேலை செய்த மூக்கின் மேல் வந்து உட்கார்ந்துவிட்டன.

சரி, பற்ற வைத்தோம். துரைக்கு ஒன்று, எனக்கு ஒன்று. தீக்குச்சியின் கந்தகம் எரிந்து தீரும்வரை காத்திருந்து, சுருட்டைச் சுழற்றிச் சுழற்றி, மெதுவாக முதல் இழுப்பு. மிளகு! அப்புறம் மிளகு போய், மழையின் முதல் தூறல் விழுந்தவுடன் ஹார்பர் மரப்பலகைகளிலிருந்து ஒரு வாசனை எழும்புமே, அது. நடுப்பங்குக்கு வந்தபோது பக்கத்து வீட்டில் காபிக்கொட்டை வறுக்கிற மாதிரி, அதற்குப் பக்கத்து வீட்டில் வெல்லப்பாகு காய்ச்சுகிற மாதிரி. புகை தொண்டையை அறுக்கவில்லை, மடியில் ஏறி உட்கார்ந்த பூனை மாதிரி இதமாக இருந்தது. சாம்பல் இரண்டு அங்குலத்துக்கு வெள்ளை வெளேரென்று உதிராமல் நின்றது. சாயபு அந்தச் சாம்பலையே பார்த்துக்கொண்டு மூச்சுவிட மறந்துவிட்டார். நான் வாய்க்கு வந்ததையெல்லாம் இங்கிலீஷிலும் தமிழிலும் கலந்து கத்தினேன், துரை எழுதிக்கொண்டே இருந்தார்.

கடைசிப் பங்கில்தான் வந்தது வினை. முதலில் லேசாக, பிறகு நன்றாக, ஒரு சோப்பு வாசனை. இழுக்க இழுக்க ஜாஸ்தியாகிறது. சொல்லலாமா, விடலாமா? போன தடவை பொய்யாகப் பேர் வாங்கினேன், இந்தத் தடவையாவது மூக்கு சொல்வதை உள்ளபடி சொல்லுவோம் என்று முடிவு செய்தேன். "எல்லாம் உத்தமம். ஆனால் கடைசியில் சோப்பு அடிக்கிறது" என்றேன். துரையின் பென்சில் நின்றது. சாயபு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கெங்கம்மா கதவை விட்டு வந்து என் முன்னால் நின்றாள்.

"இன்னா நைனா சொல்ற நீ? சோப்பா? என் வூட்ல சீயக்காய்க்கே வழியில்ல, சோப்பாம் சோப்பு! இருவத்திரெண்டு நாளா இதுக்கோசரம் நான் சோத்துக் கையாலகூடச் சோறு துன்னல, தெரியுமா?"

"கெங்கம்மா, துரை முன்னாடி…" என்று சாயபு எழுந்தார்.

"துரையும் பாக்கட்டும். நவுரு பாய், நானே இஸ்து பாக்கறேன்" என்று பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்தாள். பற்ற வைத்தாள். பற்ற வைத்து, நெருப்புள்ள முனையை வாய்க்குள்ளே வைத்து மூடிக்கொண்டாள்! நம்ம பக்கத்துப் பொம்பளைகள் சிலர் அப்படிப் பிடிப்பதுதான், உனக்கு ஆச்சரியமில்லை. துரை எழுந்து நின்றுவிட்டார். கண் இரண்டும் சாஸர் அளவுக்கு விரிந்துவிட்டது. அவளோ நிதானமாகக் கடைசிவரை இழுத்து முடித்து, துண்டை வெளியே எடுத்துத் தட்டில் வைத்தாள்.

"சோப்பும் கெடையாது, ஒரு மண்ணும் கெடையாது. எங்க, உன் கையைக் காட்டு" என்றாள்.

காட்டினேன். என் விரலைத் தன் மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். பிறகு சாயபுவின் மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். கடைசியில் என் மூக்குக்கே கொண்டுவந்து வைத்தாள். அக்கா, பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா? கிளம்பும்போது தெரசா, "துரை பக்கத்துல உக்காரப் போறீங்க, ஹார்பர் நாத்தம் போகட்டும்" என்று தன்னுடைய வாசனைச் சோப்பைக் கொடுத்தாள். முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவிக்கொண்டுதான் போனேன். சுருட்டு நீளமாக இருந்தவரை விரல் தூரத்தில் இருந்தது. அது குறையக் குறைய விரல் மூக்குக்குக் கீழே வந்துவிட்டது! அவள் ஆசையாகக் கொடுத்த சோப்பு ஒரு கம்பெனியையே கவிழ்க்கப் பார்த்தது என்று தெரசாவிடம் எப்படிச் சொல்வேன்?

"அம்மா, தப்பு என்னுடையது, என்னை மன்னிச்சிடு" என்று எல்லார் முன்னாலும் கையெடுத்துக் கும்பிட்டேன். அவள் கோபம் அப்படியே வடிந்துவிட்டது. "கும்பிட்டா சோப்பு போவுமா? வா இப்படி" என்று முற்றத்துக்கு இழுத்துக்கொண்டு போய், புளியும் சாம்பலும் போட்டு, என் இரண்டு கையையும் பித்தளைக் குண்டானைத் தேய்க்கிற மாதிரி தேய்த்து அனுப்பினாள். தோல் இன்னும் எரிகிறது.

நான் மேலே வந்தபோது அங்கே வேறொரு கலாட்டா. கெங்கம்மா பிடித்த விதத்தைத் தானும் செய்து பார்க்கத் துரைக்கு ஆசை வந்திருக்கிறது. சாயபு தடுப்பதற்குள், எழுதுகிற மும்முரத்தில் பாதியில் அணைந்து கிடந்த தன் சுருட்டை மறுபடி பற்ற வைத்து, திருப்பி நெருப்பை வாய்க்குள் விட்டுக்கொண்டார். ஒரு அலறல்! அதற்குப் பின்னால் தும்மல், ஒன்று இரண்டு இல்லை, ஒன்பது. ஒன்பதாவது தும்மலில் ஜன்னல் தானாகத் திறந்துகொண்டது. துரை கண்ணைத் துடைத்துக்கொண்டு அசையாமல் நின்றார். மெதுவாக, "கருவாடு" என்பதற்கு இங்கிலீஷில் என்னவோ அதைச் சொன்னார். மூக்கு திறந்துவிட்டது!

நாக்குக்குத் தண்ணீர் குடித்துவிட்டு, சுருட்டைச் சரியான பக்கம் வாயில் வைத்து இழுத்தார். ஜன்னலோரம் போய் நின்றுகொண்டு கடைசிவரை பிடித்தார். எனக்கும் சாயபு இன்னொன்று கொடுத்தார். ஆமாம் அக்கா, உலகத்தில் நூற்றியொன்றே உள்ள சுருட்டில் உன் தம்பி இரண்டு பிடித்தவன்! கடைசிப் பங்கு என்ன தெரியுமா? வறுத்த கொப்பரையும் ஏலக்காயும். முடிந்த பிறகு கால் மணி நேரத்துக்கு நாக்கில் நின்றது. என் மூக்குக்கு அது தெரிந்தது அக்கா, யாரும் சொல்லித் தராமல், நோட்டுப் புத்தகத்தைப் பார்க்காமல், தானாகவே தெரிந்தது.

துரை திரும்பி வந்து, தான் எழுதியிருந்த காகிதத்தைக் கிழித்துவிட்டு, சாயபுவின் மற்றச் சுருட்டுகளுக்குக் கப்பலில் நிரந்தர இடம் என்று புதிதாக எழுதிக் கொடுத்து, மிச்சமிருந்த தொண்ணூற்றேழையும் தனக்கே என்று சொல்லிப் பெட்டியை மூடி அதன் மேல் கையை வைத்துக்கொண்டார். பிறகு கெங்கம்மாவின் எதிரில் போய்த் தொப்பியைக் கழற்றினார். "இன்னாத்துக்கு இந்த ஆளு தொப்பியக் கயட்றாரு?" என்று அவள் என்னைக் கேட்டாள். மரியாதை என்றேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்போ கீயே பதினாலு பேரு குந்திகினு கீறானுங்க, அவனுங்களையும் வந்து பாக்கச் சொல்லு" என்றாள். சாயபு மாடிப்படியில் நின்று கூப்பிட்டார். பதினாலு பேரும் ஒருவர் பின்னால் ஒருவராக வந்து எட்டிப் பார்த்தார்கள். துரை தொப்பியைக் கையில் பிடித்தபடியே நின்றிருந்தார். நாளைத் திங்கட்கிழமை முதல் கெங்கம்மாதான் மேஸ்திரி. எனக்கும் மாதத்தில் ஒரு சனிக்கிழமை கம்பெனிக்கு வந்து புதுச் சரக்கைப் பிடித்துப் பார்த்து அபிப்பிராயம் சொல்கிற வேலை நிச்சயமாகிவிட்டது. சம்பளத்துக்காக அல்ல அக்கா, சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷத்தில் ஹார்பரையே விலைக்கு வாங்கின மாதிரி இருந்தது எனக்கு!

இந்தச் சந்தோஷத்தில் பங்கு கொள்ளும்படி அத்தானிடமும் சொல்லவும். தங்கள் இருவருக்கும் தேவமாதாவின் அடைக்கலம் என்றும் குறையாமல் இருக்க நானும் தெரசாவும் ஜெபிக்கிறோம். பிள்ளைகள் அத்தைக்கு முத்தம் அனுப்புகிறார்கள்.

இப்படிக்குத் தங்கள் அன்புத் தம்பி,
ம. பாஸ்கல்

பி.கு.: கவரை ஒட்டித் தபால்தலையும் வைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது. திரும்பப் பிரித்து இதை எழுதுகிறேன். அத்தானுக்கு ஸ்டேஷன் மாஸ்டர் உத்தியோகம் ஊர்ஜிதமாகிறவரை சுருட்டைக் கையாலும் தொடுவதில்லை என்று போன செப்டம்பரில் வேளாங்கண்ணியில் உன் கையைப் பிடித்துக்கொண்டு நேர்ந்துகொண்டேனே, அது நான்தான். ஆகையால் மேலே எழுதியதெல்லாம் இதே தெருவில் குடியிருக்கும் வேறொரு பாஸ்கலுக்கு நடந்ததாக வைத்துக்கொள்ளவும். உத்தரவு ஏற்கெனவே வந்துவிட்டதென்றால் அது எந்தத் தேதியில் வந்தது என்று உடனே தந்தி கொடுக்கவும். சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு முன்னால் என்றால், அந்தப் பாஸ்கல் நான்தான்.