பூட்டுக்கடைக்காரர் வீட்டுக் கதவு

தன் வீட்டுக் கதவில் பூட்டு வாயைப் பிளந்துகொண்டு தொங்குவதைப் பார்த்ததும் பூட்டுக்கடைக்காரருக்கு முதலில் வந்தது பயமல்ல, வெட்கம். மச்சினி வீட்டுக்குப் போய்விட்டு அப்போதுதான் பையும் கையுமாகத் திரும்பியிருந்தார்கள். கூப்பாடு போட வாயெடுத்த மனைவியைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்.

"மூச்சு விடாதே."

"ஏங்க, திருடன் வந்துட்டுப் போயிருக்கான்."

"வந்துட்டுப் போகட்டும். தெருவுக்குத் தெரிஞ்சா நான் கடையை மூட வேண்டியதுதான்."

அவர் சொன்னதிலும் தப்பில்லை. வைத்தியருக்குக் காய்ச்சல் வந்தால் யாரும் சிரிக்க மாட்டார்கள். பூட்டு விற்கிறவன் வீட்டில் திருடன் புகுந்தால் சிரிக்காமல் யார் இருப்பார்கள்? அந்தத் தெருவில் எல்லா வாசலிலும் தொங்குவது அவர் கடைப் பூட்டு. "என் வீட்டுலயும் இதேதான் போட்டிருக்கேன்" என்பார். அந்த ஒரு வார்த்தையில்தான் அவர் பிழைப்பே ஓடியது.

வாங்க வருகிறவர்களுக்குப் புத்தியும் சொல்லி அனுப்புவார். ஊருக்குப் போவதைத் தெருவெல்லாம் தண்டோரா போடாதே. வீடு உடைந்து கிடந்தால் உள்ளே நுழையாதே, எதையும் தொடாதே, அக்கம்பக்கத்தைக் கூப்பிடு, போலீசுக்குச் சொல். இப்போது அவரே உள்ளே நின்றுகொண்டு, எல்லாவற்றையும் தொட்டு, கூட்டிப் பெருக்கவும் தொடங்கிவிட்டார்.

பீரோ திறந்து கிடந்தது. கட்டிலுக்கு அடியில் இருந்ததெல்லாம் நடுவீட்டில் கிடந்தது. பரண் வரைக்கும் ஏறிப் பார்த்திருக்கிறான் படுபாவி. ஆனால் ஒரு குண்டூசிகூடப் போகவில்லை.

"என் சங்கிலி அப்படியே இருக்குதுங்க" என்றாள் மனைவி. சந்தோஷப்பட வேண்டியவள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டாள். "எடுத்துட்டுப் போற அளவுக்கு நம்ம வீட்டுல ஒண்ணுமே இல்லையா?"

"இந்தத் தெருவுல ஒருத்தனையும் நம்பக் கூடாது. தெரிஞ்சவன்தான் வந்திருக்கான்" என்று பல்லைக் கடித்தார் அவர்.

தெருவில் ஆள் இல்லாத நேரம் பார்த்து உடைந்த பூட்டைக் கழற்றி மடியில் செருகினார். விலை உயர்ந்த புதுப் பூட்டு ஒன்றை மாட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுக் கண்டக்டர் வந்து நின்றார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஆனால் டிக்கெட் எடுக்காதவனைத் தேடும் பார்வை மட்டும் அவரிடம் ஓய்வு பெறவில்லை.

"என்னண்ணே, பூட்டை மாத்துறீங்க?"

"பழசுக்குச் சாவி தொலஞ்சு போச்சு."

"ரெண்டு சாவி குடுப்பீங்களே. ரெண்டுமா?"

"ரெண்டும்தான்."

"அப்ப எப்படி உள்ள போனீங்க?"

"உடைச்சேன்." சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். "லேசுல உடையல. அரை நாள் போராடினேன்."

"நீங்க ஊர்லேருந்து வந்து இறங்கினதே இப்பத்தானே?" என்றார் கண்டக்டர். பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார். திட்டிவிட்டுப் போயிருந்தால்கூட இவருக்கு இவ்வளவு கூச்சமாக இருந்திருக்காது.

பயமும் வெட்கமும் சேர்ந்தால் மனிதன் சும்மா இருப்பானா? கதவுக்கு மேலும் கீழும் தாழ்ப்பாள் அடித்தார். குறுக்கே இரும்புப் பட்டை போட்டார். பின்கட்டு ஜன்னலுக்குக் கம்பி வைத்தார். போதாக்குறைக்கு, கதவைத் தொட்டால் அலறும் மணி ஒன்றையும் மாட்டினார். அதை மனைவியிடம் சொல்ல மறந்துவிட்டார். குப்பை கொட்டிவிட்டு வந்தவள் கதவைத் தள்ளியதும் மணி அலறிய அலறலில் தெருவே ஓடி வந்தது.

கடைக்கு வந்த புதுச் சரக்கு, சும்மா சோதித்துப் பார்க்கிறேன் என்று சமாளித்தார். யாரும் கலையவில்லை. அலங்கோலம் வெளியே தெரியாமலிருக்க இவர் வாசலை அடைத்துக்கொண்டு நிற்க, அவர்கள் இவர் தோளுக்கு மேலே எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

எதிர்வீட்டுத் தையல்காரம்மா கேட்டாள். "உள்ள அப்படி என்னண்ணா இருக்கு, இவ்வளவு காவல்?"

"ஒண்ணுமில்லம்மா" என்றார். குரல் அவருக்கே திருட்டுக் குரலாகக் கேட்டது.

மறுநாள் காலை தெருவே கடைக்கு முன்னால் நின்றது. எல்லார் கையிலும் அவர் விற்ற பூட்டு. உங்க வீட்டுக்கே ஆகாத பூட்டு எங்களுக்கு மட்டும் எப்படி ஆகும், மாத்திக் குடுங்க என்றார் கண்டக்டர். இவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பூட்டில் ஒரு குறையும் இல்லை, இதோ எல்லார் கண் முன்னாலும் காட்டுகிறேன் என்று ஒரு பூட்டைக் கல்லில் வைத்து, சுத்தியலைக் கையில் எடுத்தார். அடியை மெல்லப் போட்டு, மூச்சைப் பெரிதாக வாங்கிச் சமாளித்துவிடலாம் என்பது திட்டம்.

மெல்லத்தான் தட்டினார். பூட்டு திறந்துகொண்டது.

சுத்தியலில் ஏதோ கோளாறு என்று சொல்லி இன்னொன்றை வைத்தார். அதற்கு அடிகூடத் தேவைப்படவில்லை, கல்லில் வைத்த வேகத்திலேயே வாயைப் பிளந்தது.

யாராவது சிரித்திருந்தால் சண்டை போட்டாவது மானத்தைக் காப்பாற்றியிருப்பார். ஒருவரும் சிரிக்கவில்லை. கடைப் படியில் உட்கார்ந்து துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். உள்ளதைக் கொட்டிவிட்டார். திருடன் வந்தது, பூட்டை உடைத்தது, வீட்டைப் புரட்டிப் போட்டது, ஒன்றையும் எடுக்காமல் போனது, மானம் போகுமே என்று தான் வாய் கூசாமல் பொய் சொன்னது, எல்லாம்.

"இனிமே இந்தத் தொழிலுக்கு எனக்கு யோக்கியதை இல்ல" என்றார்.

யாரும் ஆச்சரியப்படவில்லை. அதுதான் அவருக்கு விளங்கவில்லை. கண்டக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு மெதுவாக ஆரம்பித்தார். இரண்டு மாதமாகவே தெருவில் திருட்டுத்தானாம். அவர் வீட்டில் குக்கர் போயிருக்கிறது. தையல்காரம்மா வீட்டில் மெஷின் மோட்டார். கோடி வீட்டில் சைக்கிள். எல்லா வீட்டிலும் உடைந்தது இவர் கடைப் பூட்டு.

பூட்டுக்கடைக்காரர் துண்டை விலக்கினார். "இவ்வளவு நடந்திருக்கு. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?"

கண்டக்டர் தன் செருப்பைப் பார்த்தார். மற்றவர்கள் கண்டக்டரைப் பார்த்தார்கள். கடைசியில் தையல்காரம்மாதான் முந்தானையை முறுக்கிக்கொண்டே வாயைத் திறந்தாள்.

"எப்படிண்ணா சொல்றது? தெருவுல திருடு போகாதது உங்க வீடு ஒண்ணுதான். அதான் எங்க சாமானெல்லாம் உங்க வீட்டுல இருக்கான்னு பாக்க, நாங்களே உங்க பூட்டை உடைச்சோம்."