அடித்துணிக்கு மூன்று சோதனை

குடைத் தொழிற்சாலையில் அவருக்குப் பெயர் 'ரிஜெக்ட் சார்'. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் உயிரோடு இருந்தது. நூறு குடையை விரித்தால் இருபதில் குறை கண்டுபிடிப்பார். மீதி எண்பதையும் சந்தேகத்தோடுதான் வெளியே அனுப்புவார். அப்படிப்பட்ட மனிதர் பதினாறு வருஷமாக ஒரு குறையும் சொல்லாத பொருள் உலகத்தில் ஒன்றே ஒன்று உண்டு. அவருடைய போர்வை.

அது என்ன நிறம் என்று கேட்டால் வீட்டில் ஆளுக்கொரு பதில் வரும். அவர் நீலம் என்பார். மனைவி, தரை துடைத்த தண்ணீர் நிறம் என்பாள். மகளோ சின்ன வயதிலேயே 'அப்பா கலர்' என்று தீர்ப்புச் சொல்லி முடித்துவிட்டாள். நிறம் எதுவானால் என்ன, அது இல்லாமல் அவருக்குத் தூக்கம் வராது. வெளியூர் கிளம்பினால் பெட்டியில் சட்டைக்கு முன்னால் அதுதான் ஏறும்.

அந்தப் போர்வைக்குத்தான் ஆபத்து வந்தது. மகளுக்கு அடுத்த மாதம் பிரசவம். பிறக்கப்போகும் பேரக்குழந்தைக்குத் தன் கையாலேயே ஒட்டுப் போர்வை தைப்பது என்று மனைவி உட்கார்ந்துவிட்டாள். மேல்பக்கத்துக்கு மஞ்சள், கிளிப்பச்சை, வெள்ளை என்று சதுரம் சதுரமாக வெட்டியாயிற்று. நடுவில் வைக்கப் பஞ்சும் வந்தாயிற்று. குழந்தையின் உடம்பில் படுகிற அடித்துணி மட்டும் பாக்கி. அது பழகின துணியாக, மெத்தென்று இருக்க வேண்டுமாம். சொல்லிக்கொண்டே அவள் படுக்கையறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். கறிக்கடைக்காரர் ஆட்டைப் பார்க்கிற பார்வை.

அவர் நெஞ்சை நிமிர்த்தினார். அடித்துணி தன் பொறுப்பு என்றார். இந்த வீட்டில் துணியைப் பற்றித் தெரிந்தவர் யார் என்று கேட்டு, அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். எல்லாமே புதுத்துணி, பழசைத் தொடுகிற பேச்சே கிடையாது என்று அறிவித்தார்.

மனைவி ஒன்றாம் வகுப்பு டீச்சர். தூங்கவே மாட்டேன் என்று அடம் பிடிக்கிற நாற்பது பேரை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்தே நிமிஷத்தில் குறட்டை விட வைப்பவள். அவள் சண்டைக்கே வரவில்லை.

"சரிங்க. ஆனா உங்க கம்பெனிக்குத் துணி வந்தா, சும்மா வாங்கிப் போட்டுக்க மாட்டீங்க இல்ல? எப்படிப் பார்ப்பீங்க?"

அவ்வளவுதான். இருபத்தாறு வருஷத்தில் அவருடைய வேலையைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி. மனிதர் குடை மாதிரி விரிந்துவிட்டார். அரை மணி நேரம் பேசினார். ஒரு தாளை எடுத்து எழுதியும் கொடுத்தார். ஒன்று: ஈரத்துணியை வெள்ளைக் கைக்குட்டையில் தேய்த்தால் சாயம் ஒட்டக் கூடாது. இரண்டு: அலசிக் காயவைத்தால் ஒரு நூல்கூடச் சுருங்கக் கூடாது. மூன்று: கன்னத்தில் வைத்தால் உறுத்தக் கூடாது. மூன்றும் தேறினால்தான் அடித்துணி.

மனைவி தாளைப் பயபக்தியோடு வாங்கிப் படித்தாள்.

"இன்னும் ஒரு வரி சேர்த்துக்கோங்களேன். நீங்க பாஸ் பண்ணினப்புறம் நான் பாட்டுக்கு வேண்டாம்னு சொல்லிட்டா?"

நியாயமான பயம் என்று அவருக்குப் பட்டது. 'தேறிய துணியை யாரும் மறுக்கக் கூடாது' என்று எழுதி, அடிக்கோடு போட்டு, கையெழுத்தும் போட்டு, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார்.

பிறகு கடைவீதி. துணிக்கடைக்காரர், தொட்டால் குழையும் சார், வெண்ணெய் சார், என் பேத்திக்கே இதுதான் சார் என்று பாடி ஒரு சிவப்பைக் கொடுத்தார். கைக்குட்டை ரத்தக்காயம் பட்டதுபோல ஆயிற்று. ரிஜெக்ட். அடுத்து ரோஜா நிறம். அலசியதும் அரை அங்குலம் காணாமல் போயிற்று. ரிஜெக்ட். கத்தரிப்பூ நிறத் துணி இரண்டு சோதனையில் தேறியது. மூன்றாவதில் அவர் கன்னத்தைத் தேங்காய் துருவுவதுபோலத் துருவியது. ஐந்தாவது துணியோடு போனபோது கடைக்காரர் கல்லாவுக்குப் பின்னால் குனிந்துகொண்டார். ஏழாவதுக்கு வேறு கடை தேட வேண்டியிருந்தது.

ஒவ்வொரு துணி தோற்கும்போதும் அவருக்கு உள்ளுக்குள் பெருமைதான். துணி வேண்டும் என்பது மறந்தே போயிற்று. மனைவி, தோற்ற துணிகளை மடித்து அடுக்கினாள். பிரசவத்துக்குப் பதினெட்டு நாள்தான் இருக்கிறது, போர்வை என்ன ஆயிற்று என்று மகள் போனில் கேட்டபோது, அப்பா பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் ஒரு சின்னத் துண்டைக் கொண்டுவந்து நீட்டினாள். ஒரு சாண் நீளம், நாலு விரல் அகலம். மயில் நீலம். மஞ்சளுக்கும் கிளிப்பச்சைக்கும் பக்கத்தில் வைத்தால் மூன்றும் ஒரு வயிற்றில் பிறந்தவைபோல இருந்தன. இதையும் கொஞ்சம் பாருங்களேன் என்றாள்.

நீயெல்லாம் துணி எடுக்க ஆரம்பித்துவிட்டாயா என்ற முகத்தோடு அவர் வேலையைத் தொடங்கினார். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது. அலசிக் காயவைத்து ஸ்கேலை வைத்தார். ஒரு நூல் குறையவில்லை. கன்னத்தில் வைத்தார். கண் தானாக மூடிக்கொண்டது. பதினோரு மணி வெளிச்சத்தில் ஒரு நீளமான கொட்டாவி வந்தது. துண்டைத் திருப்பிக் கொடுக்கவே கை வரவில்லை.

"பாஸ்," என்றார். சுமார் நான்கு வருஷம் கழித்து அவர் வாயிலிருந்து முழுமனதாக வந்த வார்த்தை அது. தாளில் தேதி போட்டுக் கையெழுத்திட்டார். "எந்தக் கடைம்மா? ஸ்டாக் இருக்கா?"

"முழுசா இருக்குங்க. உங்க போர்வைதான். தலைமாட்டுப் பக்கம் நாலு விரல் மடிச்சுத் தைச்சிருந்துச்சு, அதைப் பிரிச்சு ஒரு சாண் வெட்டினேன். உள்மடிப்புல வெயிலே படல. வாங்கினப்ப இருந்த கலரு அப்படியே இருக்கு."

ரிஜெக்ட் சார் படுக்கையறைக்கு ஓடினார். போர்வை ஓரம் பிரிந்து, வாய் பிளந்து கிடந்தது. இது மோசடி என்று திரும்பி வந்தார். உள்மடிப்பைக் காட்டி முழுத்துணியைத் தேற வைப்பதா, மற்ற இடமெல்லாம் வெளுத்துப்போனதாயிற்றே என்று வாதாடினார். வெளுத்த துணியில் போவதற்குச் சாயமே கிடையாது, முதல் சோதனையில் அதற்குக் கூடுதல் மார்க்தான் என்றாள் டீச்சர். பிறகு ஃபிரிட்ஜ் கதவில் அடிக்கோடிட்ட வரியை விரலால் தொட்டுக் காட்டினாள். அவள் அதை வாய்விட்டுப் படிக்கக்கூட இல்லை.

கடைசியில் அவளுக்கே இரக்கம் வந்ததோ என்னவோ. "சரி, நீங்கதான் பெரிய இன்ஸ்பெக்டர் ஆச்சே. அதுல ஒரே ஒரு குறை சொல்லுங்க. விட்டுடறேன்."

அவர் போர்வையைக் கையில் எடுத்தார். குறை சொல்வதே பிழைப்பாகக் கொண்ட வாய். ஆனாலும் இதைப் பற்றி எப்படிச் சொல்வது? உறுத்துகிறது என்று சொல்ல நாக்கு எழவில்லை. கிழிசல் தேடினார், அவள் வெட்டிய இடம் தவிர எங்கும் இல்லை. திருப்பினார், உதறினார், வெளிச்சத்தில் பிடித்தார். மனைவி பொறுமையாகக் காத்திருந்தாள். திடீரென்று அவர் முகம் மலர்ந்தது.

"நீளம் பத்தாது! இத்தனை வருஷமும் ராத்திரி முழுக்க என் ரெண்டு காலும் வெளியதான் கிடக்குது."

மனைவி கத்தரிக்கோலை எடுத்தாள். "உங்க பேரப்புள்ள எத்தனை அடிங்க பிறக்கப்போகுது?"