பார்த்துக்கொள்ளப் போன மூன்று பேர்

"மேடம், நான் இங்க வேலைக்கு வந்தேனா, விருந்துக்கு வந்தேனா?"

போனில் சசிகலா அழாத குறை. வயதானவர்களை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்பும் கம்பெனி, சந்தவாசல் கடைத்தெருவில் இருந்தது. யாரை எந்த வீட்டுக்கு அனுப்புவது என்று முடிவு செய்பவள் ஷோபனா. சசிகலா போயிருந்தது, ஜவ்வாது மலையில் அவர்களுக்குக் கிடைத்த முதல் வீடு. சென்னையிலிருந்த நவீன்குமார் தன் தாத்தாவுக்காக ஏற்பாடு செய்திருந்தான்.

"இது சொதப்புச்சுன்னா உனக்கும் இங்க வேலை இல்ல" என்று முதலாளி புருஷோத்தமன் சொல்லியிருந்தார். சொன்னதைச் செய்கிற மனுஷன், இந்த மாதிரி விஷயத்தில் மட்டும்.

"இன்னா ஆச்சு சசி?"

"பிரஷர் பாக்கலாம்னு தாத்தா கையப் புடிச்சா, 'மொதல்ல சாப்புடும்மா'ங்கறாரு. பாத்திரம் கழுவப் போனா புடுங்கி வெச்சிடறாரு. வந்தவங்கள வேலை செய்ய வுட்டா ஊரு சிரிக்குமாம். எதுக்கு வந்தேன்னுகூட கேக்கல மேடம். அது மரியாதை இல்லியாம்!"

"விருந்தாளி இல்ல, உங்க வூட்டுப் பொண்ணு மாதிரின்னு சொல்லு. அப்பறம் வேலை செய்ய வுடுவாரு."

தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டு ஷோபனா ஒரு டீ சொன்னாள்.

மறுநாள் மறுபடி போன். அந்த ஊரில் பாறை மேல் ஏறினால்தான் டவர். சசிகலாவுக்கு மூச்சு வாங்கியது. ஏறியதால் அல்ல, தின்றதால்.

"பொறந்த வூட்டுக்கு வந்த பொண்ணு துரும்பக்கூட அசைக்கக் கூடாதாம். கோழி அடிச்சிட்டாரு மேடம்! எனக்குத் தலைக்கு எண்ணெ தேய்க்க பக்கத்து வூட்டு மங்கம்மாள வேற கூப்ட்டுட்டாரு!"

ஷோபனா கணக்குப் போட்டாள். பெண் என்பதால்தானே இந்த வம்பு? கம்பெனியில் இருந்த இன்னொரு ஆள் மணிவேலை மலை பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். அவன் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அவனையெல்லாம் யார் உட்கார வைத்து உபசரிக்கப் போகிறார்கள்?

சாயங்காலம் மணிவேல் பேசினான். "மேடம், எனக்குப் பொண்டாட்டி, புள்ளைங்க கீறாங்கன்னு உங்களுக்குத் தெரியுமில்ல?"

"தெரியும். இப்ப எதுக்கு அது?"

"பொண்ண கூட்டினு போக மாப்ள வந்துட்டாருன்னு ஊரே கூடிடுச்சு. ஆட்ட அறுத்துட்டாங்க மேடம்!"

"இல்லன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"வாயில கறி இருந்துச்சு."

அந்த போனை வைப்பதற்குள் நவீன்குமார் கூப்பிட்டான். "நாளைக்கு வீடியோ கால்ல தாத்தாவ காட்டுங்க. எப்படிப் பாத்துக்கறீங்கன்னு நான் பாக்கணும்."

வேலை போனது போனதுதான் என்று ஷோபனாவே கிளம்பினாள். "காலைல எங்க மேடம் வர்றாங்க" என்று மணிவேல் சொல்லி வைத்திருந்தான். ஊர் அதற்கும் ஒரு உறவு கண்டுபிடித்திருந்தது.

"வாங்க சம்மந்திம்மா, வாங்க!" என்று பெரியவர் தெருவுக்கே ஓடி வந்தார்.

மாப்பிள்ளைக்கு அம்மாவாம்! மணிவேலைவிட அவள் நாலு வயது சின்னவள். வேலை போவதைவிட அதுதான் அவளுக்கு வலித்தது.

உள்ளே சசிகலா கட்டிலில் காலை நீட்டியிருந்தாள். மணிவேல் எலும்பு கடித்துக்கொண்டிருந்தான். திட்ட வாயைத் திறந்த ஷோபனாவின் முன்னால் இலையைப் போட்டுவிட்டார்கள். திறந்த வாய்க்குள் சாமைச் சோறும் குழம்பும் போயின.

சொன்ன நேரத்துக்குப் பெரியவரைக் கூட்டிக்கொண்டு பாறைக்குப் போனாள். பின்னாலேயே ஊரும் வந்தது. அவர்தான் அவளுக்குக் கை கொடுத்து மேலே ஏற்றிவிட்டார். திரையில் நவீன்குமார் வந்தான்.

"பாருங்க சார், தாத்தா எவ்ளோ தெம்பா கீறாரு!"

"மேடம், இது எங்கப்பா! தொண்ணூறு வயசுத் தாத்தா எங்க?"

ஷோபனா திரும்பிப் பெரியவரைப் பார்த்தாள். எண்ணெய்க் கையோடு பின்னால் நின்ற மங்கம்மாள்தான் எட்டிப் பார்த்துப் பதில் சொன்னாள்.

"பெரிய தாத்தாவா? மேல சாமைக் கொல்லைல ராப்பகலா காவலுக்கு இருந்தாருப்பா. சம்மந்திம்மா வர்றாங்கன்னு தெரிஞ்சதும், தேன் எடுக்கக் காலைலியே மரம் ஏறிட்டாரு."